அசுவினியும் பொறிவண்டும்: ஒரு வரவு செலவுக் கணக்கு

தை மாதத்துப் பனி இறங்கும் நாட்களில், கமுதி, முதுகுளத்தூர் வட்டங்களின் கரிசற் புலங்களில் பருத்திச் செடியின் தளிரைத் திருப்பிப் பார்க்கும் அங்கத்தினர் எவரும் ஒரு காட்சியைக் கண்டிருப்பார். இலையின் அடிப்புறத்தில், நகக்கண்ணிலும் சிறியனவாய், பச்சையும் மஞ்சளும் கருமையுமாய் மென்பூச்சிகள் அப்பிக் கிடக்கும். தளிர் சுருண்டிருக்கும். கீழிலைகள் பிசுபிசுத்து மின்னும். இதுவே அசுவினி, செடிப்பேன் என்பாரும் உளர். அதே செடியில் சற்றுப் பொறுமையுடன் தேடினால், அரைத் துவரை அளவில், முதுகு பளபளக்கும் வண்டு ஒன்றும் தென்படலாம். அது பொறிவண்டு. அசுவினியைத் தின்றே அது வாழ்கிறது.

அசுவினி பெருகும்போது பொறிவண்டு என்ன செய்கிறது? ஒரு வண்டு கூடுதலாகத் தின்னுமா? வண்டுகளின் தொகை கூடுமா? கூடினால், செடி கெடுமுன் கூடுமா? இவ்வினாக்களுக்கு விடை தெரிந்தால், மருந்துக் குப்பியை எப்பொழுது கையில் எடுப்பது, எப்பொழுது எடாமலிருப்பது என்பது தெளிவாகும். இத்திங்கள் பாடமாக அதனையே எடுத்துக்கொள்வோம்.

1. விவசாயிக்கும் நெசவாளர்க்கும் பொதுவான கேடு

இச்செய்தி பயிரிடுவோர்க்கு மட்டும் உரியதென்று நம் நெசவாள அங்கத்தினர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். அசுவினி செடியின் சாற்றை அளவுக்கு மீறி உறிஞ்சுகிறது. தனக்கு வேண்டிய சத்தைப் பிரித்துக்கொண்டு, எஞ்சிய சர்க்கரை நீரைத் தேன்போல் கழிக்கிறது. இளஞ்செடியில் அக்கழிவின்மேல் கரும்பூசணம் படர்ந்து, இலை வெயிலை வாங்க இயலாமற் போகிறது. காய் வெடித்த பின்னரோ, அந்தச் சர்க்கரை நேரே பஞ்சின்மேல் விழுகிறது. அவ்வாறு ஒட்டுப் பிடித்த பஞ்சு ஜின்னிங் ஆலையில் சிக்குகிறது. நூற்பாலை உருளைகளில் ஒட்டிச் சுற்றிக்கொள்கிறது. நூல் ஏற்றத்தாழ்வாகி அறுகிறது. வெள்ளை ஈயின் கழிவும் இதே கேட்டை விளைவிப்பதுண்டு. பரமக்குடியிலும் எமனேசுவரத்திலும் தறியிலமர்ந்து, அறுந்த இழையை மீண்டும் மீண்டும் முடிந்து நேரம் இழப்பவர் அறிவார், நூல் தரங்குறைந்தால் யார் தலையில் விடிகிறது என்று. ஆகவே, புலத்தில் பூச்சியைக் காப்பதும் தறியில் இழையைக் காப்பதும் ஒரே தொழிலின் இரு முனைகள்.

அசுவினியின் பலம் அதன் பெருக்கத்தில் உள்ளது. நம் நாட்டு வெப்பத்தில் பெண் அசுவினி ஆணின் துணையின்றியே, முட்டையிடாமல், உயிருள்ள குட்டிகளை ஈனுகிறது. பிறந்த குட்டி ஏறக்குறைய ஒரு வாரத்தில் தானும் ஈனத் தொடங்குகிறது. செடியில் நெருக்கடி மிகுந்தால் இறகு முளைத்த அசுவினிகள் தோன்றி அடுத்த புலத்திற்குப் பறக்கின்றன. கடும் மழை அவற்றைக் கழுவித் தள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, மேகமூட்டமும் பனியும் தொடரும் காலமே அவற்றுக்கு வாய்ப்பான காலம்.

2. நண்பனை இனம் காணல்

வேட்டி நுனியில் ஒட்டி வரும் புழுவெல்லாம் பகை என்று கொள்பவர், முதலில் தம் நண்பனைத்தான் நசுக்குவார். நம் பகுதியில் அடிக்கடி காணப்படும் பொறிவண்டுகள் இரண்டு. ஒன்றின் முதுகு மஞ்சள் அல்லது செம்மஞ்சள் நிறமாய், அதன்மேல் கோணல்மாணலான கருங்கோடுகள் ஓடும். மற்றொன்றின் முதுகு சிவந்து, நடுவில் நெடுக ஒரு கருங்கோடும் பக்கங்களில் வளைந்த கரும்பட்டைகளும் கொண்டிருக்கும்.

இவற்றின் முட்டைகள் மஞ்சள் நிறமானவை. இலையின் அடியில், நட்டு வைத்த மணிகள்போல் நெட்டுக்குத்தாகக் கொத்தாய் நிற்கும். முட்டையிலிருந்து வரும் இளம்புழு, தாயைச் சற்றும் ஒத்திராது. ஆறு கால்களுடன், கருத்து நீண்டு, மஞ்சளோ வெண்மையோ ஆன புள்ளிகளுடன், சிறு முதலைக்குட்டியின் சாயலில் செடியில் ஓடித் திரியும். இதனைப் புதுவகைப் பயிர்ப்புழு என்றெண்ணி மருந்தடித்தவர் பலர். உண்மையில் அசுவினியைத் தின்பதில் தாய்க்கு இது குறைந்ததன்று. நன்கு வளர்ந்த கடைநிலைப் புழுவே, தன் புழுப்பருவம் முழுவதும் தின்னும் இரையில் பெரும்பங்கைத் தின்கிறது.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். கத்தரிச் செடியில், மங்கிய நிறத்தில், முதுகில் பல புள்ளிகளுடன் இலையைச் சுரண்டித் தின்னும் எபிலாக்னா வண்டு என்பது இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் புழு மஞ்சளாய், உடலெங்கும் முள்முள்ளாய் இருக்கும். அது பயிரின் பகை. இலையைத் தின்பது பகை, அசுவினியைத் தின்பது நட்பு என்று நினைவிற் கொண்டால் மயக்கம் இராது.

3. முதல் ஈடு: ஒரு வண்டின் வயிறு

இரை கூடும்போது அதைத் தின்னும் பிராணி இரு வகையில் ஈடுகொடுக்கிறது. ஒன்று, ஒவ்வொரு பிராணியும் முன்னினும் மிகுதியாகத் தின்னுதல். மற்றொன்று, தின்னும் பிராணிகளின் தொகையே கூடுதல். இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டுமென்று ஆங்கிலேயப் பூச்சியியலார் சாலமன் 1949-இல் எடுத்துரைத்தார். முதல் ஈட்டின் இயல்பைத் தெளிவாக்கியவர் கனடாவின் ஹாலிங் என்னும் அறிஞர். 1959-இல் அவர் வெளியிட்ட சோதனை எளிமையில் வியப்பளிப்பது. மூன்றடிச் சதுர மேசையொன்றில், உப்புத்தாளிலிருந்து வெட்டிய வட்டங்களைப் பரப்பிக் குத்தி வைத்தார். கண்ணைக் கட்டிக்கொண்ட ஒருவர் விரல் நுனியால் தட்டித் தடவி, அகப்பட்ட வட்டத்தை எடுத்து அப்பால் வைத்துவிட்டு மீண்டும் தேட வேண்டும். ஒரு நிமிடத்தில் எத்தனை கிடைக்கின்றன என்று எண்ணினார். வட்டங்களை நெருக்கமாகப் பரப்பப் பரப்ப, கிடைத்த தொகையும் கூடியது. ஆனால் வரவரக் கூடுதல் குறைந்து, ஓரளவுக்குமேல் ஏறவில்லை. ஏனெனில், தேடும் நேரம் குறைந்தாலும், எடுத்து அப்பால் வைக்கும் நேரம் குறைவதில்லை.

தறி அறிந்தவர்க்கு இது புதிதன்று. நெசவாளர் பக்கத்தில் ஊடைத் தார் இரண்டே இருந்தால், தாருக்குக் காத்திருந்து பொழுது போகும். பத்துத் தார் இருந்தால் வேலை விரையும். நூறு தார் குவித்து வைத்தாலோ, அவர் கையும் காலும் ஒரு நாளில் நெய்வது நெய்வதுதான். பொறிவண்டும் அவ்வாறே. ஓர் அசுவினியைப் பிடித்து, கடித்து, தின்று முடித்து, வாயைத் துடைத்துக்கொள்ள ஒரு நேரம் செல்கிறது. அந்த நேரமே அதற்கு எல்லை.

இதனை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்திற்காக நாம் எடுத்துக்கொண்டவை, போக்கு மெய்யானது. வண்டு ஒரு நாளில் 600 நிமிடம் இரை தேடுவதாகக் கொள்வோம். ஒன்றைத் தின்ன 10 நிமிடம். அதன் எல்லையில் 20 அசுவினி இருந்தால், ஒன்றைத் தேடிக் காண 50 நிமிடம் ஆகிறதென்று கொள்வோம். இரை இருமடங்கானால் தேடும் நேரம் பாதியாகும். அப்பொழுது ஒரு நாளின் கணக்கு இவ்வாறு வரும்:

20 அசுவினி இருந்தால் 10 தின்னும். நூற்றுக்கு 50 பங்கு.
50 இருந்தால் 20 தின்னும். நூற்றுக்கு 40 பங்கு.
100 இருந்தால் 30 தின்னும்; நூற்றுக்கு 30 பங்கு.
200 இருந்தால் 40 தின்னும். நூற்றுக்கு 20 பங்கு.
500 இருந்தால் 50 தின்னும். நூற்றுக்கு 10 பங்கு.

தின்னும் எண்ணிக்கை ஏறுகிறது. ஆனால் பங்கு இறங்குகிறது. இப்பொழுது செலவுப் பக்கத்தோடு வரவுப் பக்கத்தையும் எழுதுவோம். அசுவினி ஒரு நாளில் நூற்றுக்கு 30 வீதம் பெருகுகிறதென்று கொண்டால், 20 அசுவினிக்குப் புதுவரவு 6. வண்டு தின்பது 10. கூட்டம் தேய்கிறது. 50-க்கு வரவு 15, செலவு 20, இன்னும் தேய்கிறது. 100-க்கு வரவும் 30, செலவும் 30, தராசு சமன். 200-க்கு வரவு 60, செலவு 40. பூச்சி கையைவிட்டுப் போயிற்று. 500-இல் வரவு 150, செலவு வெறும் 50. ஒரே வண்டு, ஒரே வயிறு. தொடக்கத்தில் வெல்கிறது, பிந்தினால் தோற்கிறது. இப்பாடத்தின் உயிர்நிலை இதுவே.

4. இரண்டாம் ஈடு: வண்டின் தொகை

200 அசுவினிக்கு ஒரு வண்டு போதாது. இரண்டிருந்தால் 80 தின்று வெல்லும். 500-க்கு நான்கு வேண்டும். அந்த மிகுதி வண்டுகள் எங்கிருந்து வரும்? இரு வழிகளில் வரும்.

முதல்வழி, கூடுதல். பறந்து திரியும் வண்டுகள் இரை மிகுந்த இடத்தில் தங்குகின்றன; இரையற்ற இடத்தை விட்டுப் போகின்றன. புழுவின் நடையிலேயே இதைக் காணலாம். இரை கிடைக்காதபோது நேராகவும் விரைவாகவும் செல்லும். ஓர் அசுவினியைத் தின்றவுடன் நடை தளர்ந்து, அங்கேயே வளைந்து வளைந்து தேடும். அசுவினி கூட்டமாக வாழ்வதால், ஒன்று அகப்பட்ட இடத்தில் மற்றொன்றும் இருக்கும். சிறிது நேரம் ஒன்றும் அகப்படாவிட்டால் மீண்டும் நேர்நடை. இந்தக் கூடுதல் ஓரிரு நாட்களிலேயே நிகழக்கூடியது. ஆனால் சுற்றுப்புறத்தில் வண்டுகள் உயிரோடிருந்தால்தானே வந்து கூடும்?

இரண்டாம் வழி, இனப்பெருக்கம். நன்றாகத் தின்ற தாய்வண்டு மிகுதியாக முட்டையிடும். இதற்குக் காலம் வேண்டும். முட்டை பொரிக்க ஓரிரு நாள்முதல் நான்கு நாள். புழு வளர ஒரு வாரத்திற்கு மேல். கூட்டுப்புழுவாய் இலையில் ஒட்டிக் கிடக்க மேலும் சில நாள். முட்டையிலிருந்து வண்டாக இரண்டு முதல் மூன்று வாரம் செல்கிறது. பெருந்தீனி தின்னும் புழுவாவதற்கே ஏறக்குறைய ஒன்பது நாள் என்று கொண்டால், நாம் சொன்ன வீதத்தில் அந்த ஒன்பது நாளில் அசுவினி பத்து மடங்குக்கு மேல் பெருகிவிடும். மழை பெய்த பின் வரப்பு உயர்த்துவது போன்றது இது. முட்டை முன்னரே இடப்பட்டிருந்தால் புழு காலத்தில் வந்து கைகொடுக்கும். அசுவினி மலிந்த பின் இடப்பட்டால் வந்தும் பயன் குறைவு.

5. தாய்வண்டின் முன்யோசனை

இங்கு ஒரு வியப்பான செய்தியுண்டு. அசுவினி எவ்வளவு மலிகிறதோ அவ்வளவு முட்டையைத் தாய்வண்டு கொட்டிவிடும் என்று நாம் எதிர்பார்ப்போம். அவ்வாறு நிகழ்வதில்லை. இங்கிலாந்தின் டிக்சன், செக் நாட்டின் கிண்டில்மன் முதலிய அறிஞர் பல்லாண்டுகள் ஆராய்ந்து இதன் காரணத்தை விளக்கினர். டிக்சன் 2000-இல் வெளியிட்ட நூலில் அது விரிவாக உள்ளது. ஓர் இடத்து அசுவினிக் கூட்டம் நெடுநாள் நிலைப்பதன்று. பெருகும், செடி தளர்ந்ததும் இறகு முளைத்துப் பறந்துவிடும். கூட்டத்தின் ஆயுள், பொறிவண்டின் ஒரு தலைமுறை வளரும் காலத்திற்குச் சற்றேறக்குறைய ஒத்திருக்கிறது. பிந்தி இட்ட முட்டையிலிருந்து வரும் புழு பாதி வளர்ந்தவுடனே இரையின்றித் தவிக்கும். மேலும், பசித்த மூத்த புழு இளைய முட்டைகளையே தின்றுவிடும். ஆகவே தாய்வண்டு கூட்டத்தின் தொடக்க நாட்களிலேயே முட்டையிடுகிறது. வேறு பொறிவண்டுப் புழு நடந்துபோன தடத்தின் வாடை தெரிந்தால், முட்டையிடாமல் வேறிடம் தேடுகிறது.

இதனால் நாம் அறியவேண்டுவது யாது? பொறிவண்டு நம் பயிரைக் காக்கப் பிறந்த காவற்காரன் அன்று. தன் குஞ்சுகளைக் காக்கும் தாய். அசுவினி மிக மலிந்த பின், அதற்கேற்ற தொகையில் பொறிவண்டும் மலிந்து அனைத்தையும் துடைத்துவிடும் என்று கைகட்டி இருப்பது தவறு. அதன் உதவி முன்பக்கத்தில் உள்ளது.

6. நீலகிரியில் வென்றது எவ்வாறு?

‘பொறிவண்டு ஒரு நாட்டையே காப்பாற்றியதாகப் படித்தோமே’ என்று சில அங்கத்தினர் கேட்கலாம். அதுவும் உண்மையே. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களை வெண்பஞ்சுச் செதிற்பூச்சி அழித்தபோது, 1888-இல் கோபெலே என்பார் ஆஸ்திரேலியாவுக்குச் சென்று, ரொடோலியா என்னும் பொறிவண்டை அனுப்பினார். ஓரிரு ஆண்டுகளில் தோட்டங்கள் மீண்டன. நம் நீலகிரியிலும் அதே செதிற்பூச்சி வாட்டில் மரங்களில் தோன்றிய காலத்தில், 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரொடோலியா கொண்டுவரப்பட்டு விடப்பட்டது, பூச்சி அடங்கியது.

அங்கே வென்ற குடும்பம் இங்கே அரைகுறையாக நிற்பதேன்? காலக்கணக்கே காரணம். செதிற்பூச்சி மெல்ல வளர்வது. ஓரிடத்தில் ஒட்டிக் கிடப்பது. ரொடோலியாவோ அதனினும் விரைந்து தலைமுறையை முடிக்கும். இரைக்கு முன்னே வண்டு பெருகுகிறது. அசுவினியிடம் இது தலைகீழ். இரை ஓடுகிறது, வண்டு பின்தொடர்கிறது. ஓரிடத்து வெற்றியை மற்றோரிடத்துக்கு அப்படியே பொருத்தலாகாது என்பதற்கு இது நல்ல பாடம்.

7. மருந்து தெளித்தவரின் கணக்கு

அவ்வாறாயின், பொறிவண்டை மறந்து முதலிலேயே மருந்தடித்துவிட்டால் என்ன? இரு பங்காளிகள் ஒரே வரப்பின் இருபுறமும் பருத்தி போட்டதாகக் கொள்வோம். அசுவினி தலைகாட்டிய அன்றே தம்பி மருந்து தெளித்தார். நூற்றில் 95 அசுவினி மடிந்தன. சுருண்ட இலைக்குள் 5 பிழைத்தன. வெளியே ஓடித்திரிந்த பொறிவண்டும் அதன் புழுவும் முற்றும் மாண்டன. தடுப்பார் இல்லாத அந்த 5, நாம் சொன்ன வீதத்தில், பன்னிரண்டு நாளில் மீண்டும் 100-ஐத் தாண்டும். இம்முறை தின்ன ஆளில்லை, எனவே அடுத்த தெளிப்பு, பின்னர் மற்றொன்று. தொடர்ந்த தெளிப்பால் அசுவினி மருந்துக்கு அசையாத இனமாகிப்போவது உலகின் பல பருத்தி நாடுகளில் கண்ட உண்மை.

அண்ணன் பொறுத்தார்; எண்ணிப் பார்த்தார்; 50 அசுவினிக்கு ஒரு வண்டு என்ற நிலை கண்டு கையைக் கட்டினார். அவர் புலத்தில் கூட்டம் தேய்ந்தது. ஆனால் கதை இங்கு முடியவில்லை. தம்பியின் புலத்தில் மலிந்த அசுவினி இறகு முளைத்து அண்ணன் புலத்தில் இறங்கியது. அண்ணன் புலத்துப் பொறிவண்டு இரை தேடித் தம்பி புலத்திற்குப் போய் மருந்தில் மடிந்தது. வண்டு வரப்பறியாது, பட்டா எண்ணும் அறியாது. தனித்தனியாக இதில் எவரும் வெல்ல முடியாது. கடனுக்கும் விதைக்கும் சங்கமாகச் சேர்ந்த நாம், தெளிப்பதா பொறுப்பதா என்பதையும் சேர்ந்தே தீர்மானிக்க வேண்டும் என்பது இதனாலேயே.

8. புலத்தில் செய்யத்தக்கவை

ஒன்று, எண்ணுதல். வாரம் ஒருமுறை புலத்தின் குறுக்கே நடந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாக 20 செடிகளைப் பாருங்கள். நுனி, நடு, அடி இலைகளைத் திருப்பி, அசுவினி உண்டா, பொறிவண்டு, புழு, மஞ்சள் முட்டை உண்டா என்று குறியுங்கள். ஊதிப் பழுப்பேறி அசையாது ஒட்டிய அசுவினி தென்பட்டால், அதனுள் ஒட்டுண்ணிக் குளவியின் புழு வளர்ந்திருக்கிறதென்று மகிழலாம். பருத்தியில் நூற்றுக்கு 15 செடியளவில், அதாவது 20-க்கு 3 செடியில், அசுவினி பிடித்த நிலையையே வேளாண்மைத் துறையினர் செயற்பட வேண்டிய எல்லையாகக் கூறுகின்றனர். அதற்குக் கீழே மருந்து வீண்செலவு.

இரண்டு, ஒப்பிடுதல். ஒருமுறை எண்ணியது போதாது. சென்ற வாரக் குறிப்போடு ஒப்பிட வேண்டும். அசுவினி எல்லையைத் தொட்டும், புழுக்கள் கூடி, அசுவினி ஏறாமல் நின்றிருந்தால் இரண்டு மூன்று நாள் பொறுத்து மீண்டும் பாருங்கள். அசுவினி ஏற, வண்டு காணாதிருந்தால் பொறுத்தல் தவறு.

மூன்று, தெளிக்க நேர்ந்தால் அளவோடு தெளித்தல். அசுவினி முதலில் திட்டுத் திட்டாகவே தோன்றும். அத்திட்டுகளில் மட்டும் நூற்றுக்கு 5 வீத வேப்பங்கொட்டைச் சாறு தெளித்துப் பார்க்கலாம். 100 லிட்டர் நீருக்கு 5 கிலோ பருப்பு. கடும் மருந்து வேண்டியிருப்பின் வேளாண் அலுவலரிடம் கேட்டு, புலம் முழுவதையும் நனைக்காமல் பயன்படுத்துக.

நான்கு, வண்டுக்கு முன்கூட்டியே இரை வைத்தல். பருத்தியின் ஓரத்திலும் ஊடேயும் தட்டைப்பயறு விதைப்பது பழைய நல்வழக்கம். தட்டைப்பயற்றில் வரும் கருநிற அசுவினியை நாடிப் பொறிவண்டு முன்னதாகவே வந்து தங்கி முட்டையிடும். ஓரத்தில் சோளமும் மக்காச்சோளமும் இருப்பின், இரை குறைந்த நாளில் வண்டு மகரந்தம் தின்று உயிர் தரிக்கும். நாம் மேலே கண்ட ‘பிந்தி வரும்’ குறையை ஓரளவு ஈடுசெய்யும் வழி இதுவே.

ஐந்து, எறும்பைக் கவனித்தல். அசுவினியின் இனிப்புக் கழிவுக்காக எறும்பு அதைக் காவல் காத்து, பொறிவண்டை விரட்டும். செடியில் எறும்புச் சாரை ஏறினால் அசுவினி உண்டென்பதற்கும் அதுவே அடையாளம். ஆறு, தழைச்சத்தை அளவுக்கு மீறி இடாதிருத்தல். கொழுத்த தளிர் அசுவினிக்கு விருந்து.

மிளகாய் பயிரிடுவோர்க்குத் தனியே ஒரு சொல். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாயில் இலை சுருண்டால் அசுவினியே காரணம் என்று துணிய வேண்டாம். மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன் என ஐயுற வேண்டும். மேலும், சில தேமல் நோய்களை அசுவினி ஒரு செடியில் வாய்வைத்து, அடுத்த செடியில் வாய்வைக்கும் நொடிப்பொழுதில் பரப்பிவிடும். இதைத் தடுக்கப் பொறிவண்டாலும் ஆகாது. மருந்தாலும் பெரும்பாலும் ஆகாது. நாற்றங்காலை வலையால் மூடுதல், நோயுற்ற செடியைத் தொடக்கத்திலேயே பிடுங்குதல், ஓரத்தில் நெருக்கமாகச் சோளம் விதைத்தல் ஆகியவையே வழி.

9. வீட்டு வாசலில் ஒரு பாடசாலை

புலம் இல்லாத அங்கத்தினரும் இதைக் கண்ணாரக் காணலாம். மண்டபத்திலிருந்து பாம்பன், தங்கச்சிமடம் வழியே இராமேசுவரம் வரையில், மணற்பாங்கான வழியோரங்களில் எருக்கஞ்செடி நிற்கிறது. அதன் தளிரிலும் பூங்கொத்திலும் பொன்மஞ்சள் நிறத்து அசுவினி அப்பியிருப்பதைப் பலர் பார்த்திருப்பர். அது எருக்கு, அரளி இனங்களைச் சார்ந்தது, பருத்திக்கு வராது. பொறிவண்டுகளும் அங்கே வந்து மேய்வதுண்டு. வீட்டு அவரைப் பந்தலின் பூந்தண்டில் கருநிற அசுவினி வரும். ஒரு கொடியைக் குறித்து வைத்து, நாள்தோறும் காலையில் அசுவினியையும் வண்டையும் பிள்ளைகளைக் கொண்டு எண்ணச் சொல்லுங்கள். பதினைந்து நாளில் அந்த ஏடு நாம் இங்குக் கூறிய அனைத்தையும் தானே கூறும்.

பொறிவண்டு சம்பளம் கேளாத வேலையாள். ஆனால் காலத்தில் வந்தால் மட்டுமே பயன்படும் வேலையாள். அது வருமுன் விரட்டாதிருப்பதும், அதனால் ஆகாதபோது அதை நம்பிப் பயிரை இழவாதிருப்பதும் நம் பொறுப்பு. இரண்டுக்கும் எண்ணிப் பார்க்கும் கண் ஒன்றே போதும்.

சங்கக் கூட்டத்தில் ஆராய்வதற்கான வினாக்கள்

1. ஒரு பொறிவண்டு தின்னும் தொகை கூடியும், தின்னும் பங்கு குறைவதேன்? தறி வேலையிலிருந்து ஓர் உதாரணம் கூறுக.

2. மேற்கண்ட கணக்கின்படி 100 அசுவினிக்கு இரண்டு வண்டுகள் இருப்பின், ஒரு நாளில் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு?

3. தாய்வண்டு பிந்திய நாட்களில் முட்டையிடாததற்குக் காரணங்கள் யாவை?

4. நம் சங்க எல்லையில் அடுத்தடுத்த புலக்காரர் ஒரே நாளில் எண்ணி, ஒரே முடிவெடுக்க என்ன ஏற்பாடு செய்யலாம்?